ஆறு மரச் சிலைகளும் மாதாவின் நீலமும்

எங்கள் பங்குக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் வருடத்தில் இரண்டு முறை பழைய சாமான் விற்பனை நடக்கும். பஜார் என்பார்கள். சனம் கொண்டுவந்து தருகிற கோப்பை, தட்டு, மேசை விளக்கு, பனிச் சப்பாத்து எல்லாவற்றையும் தரம் பிரித்து, மஞ்சள் நிற வட்ட ஒட்டியில் விலை எழுதி ஒட்டவேண்டும். அந்த மேசை எனக்கும் மதாமுக்கும் உரியது.

மதாம் இந்த ஊர்க்காரி, கியூபெக் மனுசி. என் அம்மாவின் வயது இருக்கும். மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மன்னாரிலிருந்து வந்து, மாலை வகுப்பில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தேன், மிச்சத்தை அந்த விலை மேசையில் மதாமோடு இருந்து பொறுக்கிக்கொண்டேன். அவர் பேசியது எல்லாம் பிரெஞ்சுதான். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

ஒரு தட்டு வந்தால் நான் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். பிறகு விளிம்பில் நகத்தால் தட்டிச் சத்தம் கேட்பேன். வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப்போகும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. விலையை எப்போதும் குறைத்துத்தான் போடுவேன். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப்போல வந்து இறங்கிய புதுச் சனம்.

"நீ விலை போட்டா இந்தக் கோயில் கூரை ஒருநாளும் திருத்துப்படாது" என்பார் மதாம்.

"நீங்கள் போட்டா சாமான் திரும்பவும் எங்கட தலையிலதான் விழும்" என்பேன் நான்.

இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டே பல வருடம் ஒரே மேசையில் இருந்துவிட்டோம்.

ஒரு வசந்த காலத்தில் மதாம் வீட்டை விற்றார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, படி ஏற முடியவில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இருக்கிற இல்லம் ஒன்றில் ஓர் அறை எடுத்தார். அவருடைய தங்கச்சியின் வீடு அதற்குப் பக்கத்தில் இருந்தது. யூலை முதலாம் திகதி, மொன்றியல் முழுக்க வீடு மாறுகிற அந்த நாளில், மகன் லொறியோடு வருவான் என்று ஏற்பாடு. அவன் வேறு நகரத்தில் ஒரு சின்னத் தொடர்மாடி வீட்டில் இருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. விற்கக்கூடியதை விற்றுவிடுங்கோ, மிச்சத்தை நான் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகிறேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தான்.

கோப்பை பீங்கான் எல்லாம் பஜாருக்கு வந்தன. கட்டில், அலுமாரிக்கு ஆள் வந்தது. ஒருநாள் மதாம் என்னைக் கூப்பிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத் தன் வீட்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினார். மஞ்சள் ஒட்டித் தாளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

விளக்கைப் போட்டதும் நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். சுவரோரமாக ஆறு மரச் சிலைகள். இடுப்பளவு உயரம். முகமே பாதி உடம்பு. பெரிய வாய், அதற்குள் வரிசையாகப் பல், நெருப்புப் போலப் புருவம். ஒன்று சிரிக்கிறதா உறுமுகிறதா என்று சொல்ல முடியாது. பேய் பிசாசு என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லக்கூடாது.

மதாம் சிரித்துவிட்டார். இதற்குப் பெயர் திக்கி என்றார். தூரத்துச் சமுத்திரத் தீவுகளில் அந்தச் சனம் மரியாதையாக வைத்திருக்கிற உருவங்களைப் பார்த்து, இங்கே ஒரு காலத்தில் உணவகங்களில் அலங்காரத்துக்குச் செய்து வைத்தார்களாம். மூங்கில் சுவர், தேங்காய்ச் சிரட்டையில் குடிவகை, மங்கின வெளிச்சம், மூலைக்கு மூலை ஒரு திக்கி. வெளியே பனி கொட்ட, உள்ளே இருந்து வெப்பத் தீவில் இருக்கிறதாகப் பாவனை பண்ணுகிற ஆசை. மதாமின் கணவர் தச்சு வேலைக்காரர். நகரத்தில் அப்படி ஒரு உணவகத்துக்கு இந்த ஆறையும் கையாலேயே செதுக்கிக் கொடுத்தவர். அது பூட்டப்பட்டபோது தானே போய்த் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாராம். மற்றவர்கள் விறகுக்கு வெட்டிவிடுவார்கள் என்ற பயம்.

"இப்ப நீ விலை போடு" என்றார் மதாம். "நீ குறைச்சுத்தான் போடுவாய் எண்டு தெரியும். நான் தாங்குவன்."

நான் ஒரு சிலையைச் சரித்து அடியைப் பார்த்தேன். உளியால் வெட்டின இரண்டு எழுத்து இருந்தது, அவர் கணவரின் பெயரின் முதலெழுத்துகள். நகத்தால் தட்டிப் பார்த்தேன். மரம் மரத்தின் சத்தம்தான் போட்டது. ஒட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நிற்கிற மனுசி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிற பார்வையைப் பார்த்தபிறகு, எந்த இலக்கத்தை எழுதுவது?

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, தெரிந்த ஆளைக் கூப்பிடுவோம் என்றேன். மதாம் தலையாட்டினார். பிறகு படியில் ஏறும்போது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஒருதரும் எடுக்காட்டி மகன் ஏத்திக்கொண்டு போய்க் கொட்டிப்போடுவான். அதை மட்டும் நான் பாக்கமாட்டன்."

அன்று முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. ஆனாலும் மனதில் ஒரு குறுகுறுப்பு. கோயில் வேலை செய்கிறவள் இந்த முகங்களை விற்கத் துணைபோகலாமோ? எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியாரிடம் கேட்டேன். அவர், இதை யாராவது கும்பிட்டவர்களோ என்று கேட்டார். இல்லை சுவாமி, குடித்துக்கொண்டு பார்த்தவர்கள் என்றேன். அப்படியென்றால் பயமில்லாமல் செய், செபமாலை மேசைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே என்றார்.

என் கணவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. போகிற வழியில் பழம்பொருள் கடை ஒன்றைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. வேலை முடிந்து அங்கே போய்க் கேட்டார். கடைக்காரி அடுத்த வாரமே வந்தாள். கட்டை மயிர் வெட்டின, அதிகம் பேசாத மனுசி. கையில் ஒரு சின்ன ரோர்ச் லைற்.

அவள் விலை பார்த்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைப்போலவே முதலில் அடியைத்தான் பார்த்தாள், எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிறகு வாய்க்குள் வெளிச்சம் அடித்தாள். இயந்திரத்தில் செய்தது என்றால் வாயின் உட்பக்கம் வழவழப்பாக இருக்குமாம், கையால் செய்ததில் உளி கடித்த தடம் நிற்குமாம். இரண்டு கண்ணையும் விரலால் அளந்தாள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. நல்லது என்றாள். பின்பக்கத்து வெடிப்பில் பசை, மாவு ஏதும் நிரப்பியிருக்கிறதா என்று தடவினாள். உணவகத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டாள். மதாம் ஒரு படம் காட்டினார். அதில் இளமையான மதாம், கையில் சிரட்டை, பின்னுக்கு ஒரு திக்கி. ஆளைவிடத் திக்கியைத்தான் கடைக்காரி கூர்ந்து பார்த்தாள்.

இன்ரநெற்றில் இப்போது இந்தச் சாமானைத் தேடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். ஒரே கை, ஒரே உணவகம், ஆறும் ஒன்றாக. மாத முடிவில், ஒரு சனிக்கிழமை வந்து ஆறையும் எடுக்கிறேன் என்றாள். அவள் சொன்ன விலையைக் கேட்டு மதாம் கதிரையைத் தேடி இருந்துவிட்டார். விலையின் பெருமை அல்ல அது. முப்பது வருடமாக மகன், மருமகள், அயல் எல்லாரும் அவலட்சணம் என்று சொன்ன சாமானை ஒருத்தி ரோர்ச் அடித்துப் பார்த்து, நல்லது என்று சொல்லியிருக்கிறாள்.

இனி என் கணவரின் பக்கத்துக்கு வருகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாத கை. ஊரில் அவர்களுடைய கடற்கரைக் கோயிலில் பெருநாள் வருவதற்கு முன்னம் சுரூபத்தை இறக்கி, தூசி தட்டி, புது வர்ணம் பூசுவது அவர் குடும்பத்தின் பொறுப்பு. வர்ணம் மங்கின சுரூபம் கோயில் வாசலைத் தாண்டினால் அந்த ஊருக்கே வெட்கம். இங்கே வந்தும் எங்கள் சனத்தின் மாதா திருநாளுக்கு அவர்தான் பூசுகிறவர். அந்த வருடமும் மாதாவின் மேலாடைக்குப் பூசின நீலப் பெயின்ற் தகரத்தில் பாதி மிஞ்சியிருந்தது. வெள்ளையும், கிரீடத்துக்கு எடுத்த பொன் நிறமும் கொஞ்சம்.

கடைக்காரி வருவதற்கு முன்னம் ஆறு சிலைகளையும் மேலே கராஜுக்கு ஏற்றி வைக்கும்படி மதாம் அவரிடம் கேட்டிருந்தார். வீட்டுத் திறப்பையும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போனார். நான் பங்கு மண்டபத்தில் பஜாரின் மிச்ச சொச்சங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தி வெயிலில் இவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனால், கராஜ் கதவு திறந்திருக்கிறது. இவர் கையில் தூரிகை.

ஆறு திக்கிகளும் பளபளவென்று நிற்கின்றன. உடம்பெல்லாம் மாதாவின் நீலம். பல் வெள்ளை. புருவத்துக்குப் பொன்.

"இஞ்ச, இப்ப பாரும். எப்பிடி?"

"வடிவாத்தான் இருக்கு. மதாமைக் கேட்டனீங்களே?"

"இதுக்கும் கேக்கிறதோ? ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடுற சாமான், கரி பிடிச்ச மூஞ்சையோட போறதே? அந்த மனுசன்ர ஆத்துமா என்ன நினைக்கும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையில் அந்த முகங்கள் பயங்காட்டுவதை விட்டு, ஊர்வலத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள்போல நின்றன. நானும் ஒன்றின் மூக்கில் வழிந்த சொட்டைத் துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்காரி வந்தாள். அடுத்த நாள் ஏற்றுவதற்கு வசதியாகப் போர்வை சுற்றி வைக்க வந்தவள். இவர் கராஜ் கதவைப் பெருமையோடு தூக்கினார். அவள் போர்வைகளை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றாள்.

"இதை ஆர் செய்தது?"

இவர் சிரித்துக்கொண்டு தன் நெஞ்சைத் தொட்டார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். போர்வையை நிலத்தில் வைத்துவிட்டு, மெதுவாக, எனக்கும் விளங்கும்படி சொன்னாள்: "மரம் எங்கையும் வாங்கலாம். நான் வாங்க வந்தது மேலே இருந்ததை. அந்த இடத்தின்ர புகை, வந்தவையின்ர கை, ஊத்துப்பட்ட சாராயம், அவ்வளவு வருசமும் அதில ஏறிக் கிடந்தது. இப்ப இதைப் பாக்கிறவை நேற்றுச் செய்ததெண்டுதான் நினைப்பினம்."

இப்படியே என்றால் தன்னால் எடுக்க முடியாது என்றாள். நாளை மத்தியானம் இந்தப் பக்கம் வருவேன், மதாமிடம் நானே சொல்லுகிறேன் என்று போய்விட்டாள்.

இவர் தூரிகை கழுவுகிற வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினார். மகன் லொறியோடு வர இன்னும் சில நாள்தான். அந்த லொறி எங்கே போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான் அழுக்கெண்டெல்லே நினைச்சன்" என்றார்.

கல்யாணம் கட்டின நாள் தொட்டு, எங்கே தூசி கண்டாலும் துடைக்கிற மனுசன். அந்தக் கையைத்தான் நான் விரும்பினேன். "சரியப்பா, எழும்புங்கோ" என்றேன். மனதுக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். தொலைந்த அழுக்கைத் திருப்பித் தரச் சொல்லி அவரிடம் மன்றாடினது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் மதாமின் தங்கச்சி அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சொல்லுவது என் வேலை என்று நான் முன்னுக்குப் போக, இவர் என்னை விலக்கிவிட்டுப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாதிப் பிரெஞ்சும் பாதித் தமிழுமாகச் சொன்னார். மதாம் ஊன்றுகோலோடு கராஜுக்குள் வந்தார்.

நீல நிறத்தில் நின்ற ஆறு பேரையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரிக்கிறார் மனுசி. கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"என்ர மனுசன் சீவியத்தில நீலம் பூசமாட்டார்" என்றார். "நீலம் சட்டிக்கும் கதவுக்கும் எண்டு சொல்லுவார்."

சிரிப்பு அடங்கினதும் பக்கத்தில் நின்ற சிலையின் கன்னத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினார். நீலம் பால் ஆடைபோல மடிந்து எழும்பியது. கீழே பழைய கறுப்பு மண்ணிறம் அப்படியே இருந்தது.

மதாம் பெருவிரலை அந்த இடத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மெழுகு" என்றார். "ஒவ்வொரு சனவரியும் மெழுகு போட்டுத் தேய்ப்பார். அவர் போன பிறகு நான் தேய்ச்சனான். மெழுகில தண்ணிப் பெயின்ற் ஒட்டாது." பிறகு இவரைப் பார்த்து, "மிஸ்யே, சிலை மாதிரி நிக்காம வாளியைக் கொண்டு வா."

யூன் மாதத்து வெளிச்சம் இலேசில் போகாது. மூன்று பேரும் கராஜ் வாசலில் இருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தோம். நீலம் தோல் தோலாகக் கழன்று வந்தது. பல்லிடுக்குக்குப் பழைய பல் தூரிகை. இவர் அழுத்தித் தேய்க்கப் போகும்போதெல்லாம் மதாம் கையில் தட்டினார். எந்தச் சிலை எந்த இடத்தில் நின்றது, எதன் தலையில் யார் தொப்பி மாட்டினார்கள், எதைச் செதுக்கும்போது தன் கணவர் விரலை வெட்டிக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செத்துப்போன அந்த மனுசன் வருடா வருடம் பூசின மெழுகு இன்றைக்கு வந்து எங்களைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறபோது, முகம் அறியாத அவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

ஐந்தில் நீலம் கழன்றது. ஆறாவதில் கழலவில்லை.

அது மற்றவற்றைவிடக் குள்ளம். ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருக்கும். அவர் முதன்முதலாகச் செதுக்கியது அதுதானாம். கை பழகாத வேலை என்று உணவகத்தில் அதைப் பின்கதவுப் பக்கம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தோட்டத்தில் தக்காளிக்குக் காவலாக மழையிலும் பனியிலும் நின்றது. கணவர் இறந்த பிறகுதான் மதாம் உள்ளே எடுத்தார். தோட்டத்துச் சாமான் என்று பிறகும் அதற்கு மெழுகு போடவில்லை. தாகத்தில் கிடந்த மரம், மாதாவின் நீலத்தை அடிவரைக்கும் குடித்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்காரி வந்தாள். முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவள், வாசலில் ஐந்தையும் கண்டதும் நடையை மெதுவாக்கினாள். ரோர்ச் அடித்தாள், தடவினாள், மணந்தும் பார்த்தாள். ஒன்றின் பல்லிடுக்கில் கொஞ்சம் வெள்ளை நின்றது. அதற்காக விலையைச் சற்றுக் குறைத்தாள், மதாம் மறுக்கவில்லை. ஐந்தையும் போர்வையில் சுற்றி ஏற்றும்போது இவர் ஓடி ஓடித் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் கடைக்காரி நீலக் குள்ளனுக்கு முன்னால் குந்தினாள்.

"இதுக்கு விலை இல்லை" என்றாள். "சுரண்டினா மரமும் கெட்டுப்போகும். இனி ஒருதரும் வாங்கமாட்டினம்."

இவர் தலையைக் குனிந்தார். மதாமின் முகத்தை நான் பார்த்தேன். அதில் துக்கம் இல்லை.

"நிச்சயமா ஒருதரும் வாங்கமாட்டினமோ?" என்று கேட்டார்.

"நிச்சயமா."

வான் போன பிறகு மதாம் அந்த நீலத் தலையில் கையை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்: "என்ர அறையில ஒண்டுக்குத்தான் இடம் இருக்கு. ஆறில எதைத் தெரிஞ்சாலும் மற்ற அஞ்சையும் நான் வேண்டாமெண்டு தள்ளினதாப் போகும். அதாலதான் ஆறையும் குடுக்க ஓமெண்டனான். இப்ப மகனுக்கும் சொல்லலாம், இது விக்கேலாத சாமான், என்னோடதான் வரும் எண்டு."

யூலை முதலாம் திகதி லொறியின் முன் ஆசனத்தில் மதாமுக்கும் மகனுக்கும் நடுவில் அது பட்டி கட்டிப் போனது. குப்பைக் கிடங்குக்கு ஒன்றும் போகவில்லை.

அதன் பிறகு பஜாரில் நான் தனியே விலை போட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் இருவரும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போவோம். யன்னல் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி நீலக் குள்ளன் நிற்பான். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் அவன் தலையைத் தொட்டுவிட்டுப் போவார்கள், உச்சியில் நீலம் தேயத் தொடங்கியிருந்தது. ஒருமுறை மதாம் பழைய சண்டையை ஞாபகம் வைத்து, அன்றைக்குப் போடாத விலையை இன்றைக்குப் போடு என்றார். கைப்பையில் கிடந்த மஞ்சள் ஒட்டி ஒன்றை எடுத்து, ஒன்றும் எழுதாமல் அவன் அடியில் ஒட்டினேன். மதாம் சரித்துப் பார்த்துவிட்டு, இந்த முறைதான் நீ குறைச்சுப் போடேல்லை என்றார்.

இவர் மட்டும் அந்த யன்னலுக்குக் கிட்டப் போகும்போது இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொள்வார். தேய்ந்த உச்சியைப் பார்ப்பார். வீட்டில் பெயின்ற் தகரத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"மிஸ்யே" என்பார் மதாம், தலையைத் திருப்பாமலே.

"இல்லை மதாம், சும்மா பாக்கிறன்" என்பார் இவர்.